திருப்பூரின் முதல் எம்.பி.

(திருப்பூர் வரலாற்றுத் தொடர் – 17)

1932 ஜனவரி 10-ம் தேதி கொடி ஊர்வலத்தில் குமரன் தடியடிபட்டு விழுந்ததையும், மறுநாள் அவர் உயிர் பிரிந்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். திருப்பூரில் குமரன் பெயரை அறியாதவர் கிடையாது. நகரின் நடுவே ஓடும் சாலைக்கே அவர் பெயர்தான். ஏறக்குறைய அதே வயதில், இந்த ஊரிலேயே பிறந்து, அதே போராட்டத்தில் சிறைக்குப் போய், பிறகு டெல்லி மத்திய சட்டசபை, சென்னை சட்டசபை, மக்களவை, மாநிலங்களவை என்று நான்கு அவைகளில் உறுப்பினராக இருந்த இன்னொருவரும் நம்மிடையே இருந்தார். அவர் பெயரைத் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று விசாரித்தால், "அது கோயமுத்தூர்ல இருக்கற லேடீஸ் காலேஜுங்களே" என்று பதில் வரும். ஆளை மறந்து கட்டடத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகவே இந்த வாரம் முழுக்க அவருக்கே.

தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1903 மே 5 அன்று திருப்பூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணியம் செட்டியார், தாய் பழனியம்மாள். பக்கத்திலிருக்கும் அவினாசி ஈசன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது இந்த வட்டாரத்தில் வழக்கம். தொடக்கப் படிப்பு திருப்பூரில். பிறகு கோவை லண்டன் மிஷன் உயர்நிலைப் பள்ளி, சென்னை பச்சையப்பன் கல்லூரி, சென்னை சட்டக் கல்லூரி. 1920-களின் நடுவில் வக்கீலாகி ஊர் திரும்பினார். வசதியான குடும்பம், படித்த பிள்ளை. கோவைக் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம்.

அப்போது திருப்பூர் எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1925-ல் அகில பாரத சர்க்கா சங்கம் தொடங்கப்பட்டதும் அதன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூர்தான் தலைமையிடம் ஆனது. சுற்று வட்டாரக் கிராமங்களில் பெண்கள் ராட்டையில் நூற்ற நூல் சிட்டம் சிட்டமாக இங்கே வந்து சேரும். இங்கிருந்து நெசவாளிகளுக்குப் போய், கதராகத் திரும்பி, பேல் கட்டி ரயிலேறும். முதல் பனியன் தொழிற்சாலை எழுந்ததும் ஏறக்குறைய அதே ஆண்டில்தான். ஆனால் 1920-களின் திருப்பூருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கதர். காங்கிரஸ்காரர் என்றால் கதர்க்காரர். கதர்க் கடையில் கணக்கு எழுதுகிறவரும், நூல் எடை போடுகிறவரும், வெளியூரிலிருந்து வரும் தலைவர்களும் ஒரே தெருவில் நடமாடிய ஊர் இது. அந்தத் தெருவிலிருந்துதான் இளம் வக்கீல் அவினாசிலிங்கம் காங்கிரசுக்கு வந்தார். சட்டமறுப்பு இயக்கம் முதற்கொண்டு நான்கு முறை சிறை சென்றார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசி வரை கதரை விடவும் இல்லை.

அரசியலுக்கு வந்த அதே காலத்தில் இன்னொரு காரியத்தையும் தொடங்கினார். ராமகிருஷ்ணர், விவேகானந்தர் வழியில் ஈடுபாடு கொண்ட அவர், 1930-ல் கோவையில் வாடகை வீடு ஒன்றில் சில பிள்ளைகளை வைத்து ராமகிருஷ்ண வித்யாலயத்தை ஆரம்பித்தார். பிள்ளைகள் அங்கேயே தங்க வேண்டும், கைத்தொழில் கற்க வேண்டும், சாதி பார்க்காமல் ஒன்றாக உண்ண வேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்த்தினாலே பள்ளியை விட்டு மற்றவர்கள் எழுந்து போன காலம் அது. அந்த வாடகை வீடுதான் பிற்பாடு பெரியநாயக்கன்பாளையத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்பில் விரிந்து, ஆசிரியர் கல்லூரி, உடற்கல்விக் கல்லூரி, பாலிடெக்னிக், கிராமியக் கல்வி என்று கிளைவிட்டது.

1934 நவம்பரில் மத்திய சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. அப்போது எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. சொத்தும் வரியும் உள்ள சிறு கூட்டத்துக்குத்தான் ஓட்டு. அந்தத் தேர்தலில்கூடக் காங்கிரஸ் சென்னை மாகாணத்தில் அடித்துத் தள்ளிக்கொண்டு போயிற்று. சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்கள் சேர்ந்த நாட்டுப்புறத் தொகுதியிலிருந்து அவினாசிலிங்கம் டெல்லிக்குப் போனார். வயது முப்பத்தொன்று. அதே தேர்தலில், மத்திய சட்டசபையின் தலைவராகவே வீற்றிருந்த கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் தோற்றுப் போனார். கோவை மண்ணிலிருந்து ஒருவர் போக, இன்னொருவர் வந்தார்.

டெல்லியில் அந்த அவை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புலாபாய் தேசாய் காங்கிரஸ் கட்சித் தலைவர், சென்னை சத்தியமூர்த்தி துணைத் தலைவர். அரசு கொண்டுவரும் நிதி மசோதாவை அவை தோற்கடிக்கும். வைஸ்ராய் தம் தனி அதிகாரத்தில் சான்று வழங்கி அதையே சட்டமாக்கிவிடுவார். மறு ஆண்டும் இதே கதை. ஓட்டுப் போட்டு ஜெயித்தும் கையில் ஒன்றும் நிற்காத அவை அது. 1932-ல் சண்முகம் செட்டியாரும் சேர்ந்து பேசி முடித்து வந்த ஒட்டாவா வர்த்தக ஒப்பந்தத்தை 1936-ல் இந்த அவை வேண்டாம் என்று தீர்மானித்தது. பிரிட்டிஷ் சரக்குக்கு இந்தியச் சந்தையில் சலுகை தந்த ஒப்பந்தம். நூலும் துணியும் பிழைப்பாக இருந்த கொங்கு வட்டாரத்துக்கு இது தூரத்துச் செய்தி ஆகுமா? 1945 வரை அவினாசிலிங்கம் மத்திய சட்டசபை உறுப்பினர். நடுவில் போர் வந்தது, காங்கிரஸ் அவையை விட்டு வெளியேறியது, சிறையும் வந்தது. அதிகாரம் இல்லாத அவையில் இத்தனை ஆண்டு உட்கார்ந்த ஒருவர், அதிகாரம் கைக்கு வந்ததும் என்ன செய்தார் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் சாரம்.

1946-ல் அவர் சென்னை சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டி. பிரகாசம் அமைச்சரவையில் கல்வி அமைச்சர். 1947 மார்ச்சில் பிரகாசம் போய் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்தபோதும் கல்வி அவரிடமே இருந்தது. 1949 ஏப்ரலில் ஓமந்தூரார் விலகும் வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டில் நடந்தவற்றை இன்று ஒருவர் கூட்டிப் பார்த்தால் மலைத்துப் போவார்.

உயர்நிலைப் பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் வரலாறும் தமிழிலேயே சொல்லித்தரப்பட வேண்டும் என்பதை நடைமுறைப்படுத்தினார். திருக்குறளைப் பள்ளிப் பாடத்தில் சேர்த்தார். இவை எல்லாப் பெரியவர்களின் வாழ்க்கைக் குறிப்பிலும் வரும் வரிகள் போலத் தோன்றும். ஆனால் அன்றைக்கு ஆங்கிலத்தில் பாடம் நடத்திப் பழகிய ஆசிரியர் கரும்பலகை முன் நின்று 'ஆக்சிஜன்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது. புத்தகமும் இல்லை, கலைச்சொல்லும் இல்லை. திருப்பூர்ப் பள்ளியில் படித்த நெசவாளி வீட்டுப் பையனுக்கோ பாடம் முதல் முறையாக வீட்டு மொழியில் புரிந்தது. உத்தரவு போடுவது ஒரு நாள் வேலை. அந்த உத்தரவுக்கு வேண்டிய புத்தகத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்விதான் அவரைப் பிறகு இருபது ஆண்டு ஓட வைத்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் நூலகச் சட்டம். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோதிருந்தே, பொது நூலகத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று சொல்லிவந்தார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் அமைந்ததும் கோரிக்கை வலுத்தது. மாதிரிச் சட்டம் ஒன்றையும் அவரே எழுதி வைத்தார். 1930-களில் சட்டசபைக்கு வந்த முயற்சி நிறைவேறவில்லை. எல்லா அரசுக்கும் ஒரே தடை: பணம் யார் கொடுப்பது? அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக வந்த பிறகுதான் ரங்கநாதனின் கனவுக்குக் கதவு திறந்தது. 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, 1950-ல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் நிறைவேறிய முதல் நூலகச் சட்டம் இதுதான்.

சட்டத்தின் உயிர் ஒரே ஒரு ஏற்பாட்டில் இருக்கிறது. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒதுக்கீடு கேட்டுக் கையேந்த வேண்டாம் என்று, சொத்து வரி அல்லது வீட்டு வரியில் ரூபாய்க்கு ஆறு பை, அதாவது அரை அணா, நூலக வரியாகச் சேர்த்து வசூலிக்கச் சொன்னது சட்டம். அந்தப் பணத்தை வைத்து நூலகம் நடத்த மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. அமைச்சர் மாறினாலும் கட்சி மாறினாலும் வீட்டு வரி நிற்காது. வீட்டு வரி நிற்காத வரை புத்தகம் வாங்கும் காசும் நிற்காது. இதைவிடச் சிக்கனமான, இதைவிட உறுதியான ஒரு யோசனையைச் சென்னை சட்டசபை அதற்கு முன்னும் பின்னும் அதிகம் கண்டதில்லை என்பது என் எண்ணம்.

திருப்பூரில் உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரிக்குக் கீழே நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். அரை அணா இப்போது ரூபாய்க்குப் பத்து பைசா ஆகியிருக்கிறது. வீட்டுக்கு மட்டுமில்லை. ஓவர்லாக்கும் பேட்லாக்கும் வரிசையாகப் போட்டிருக்கும் பனியன் கம்பெனிக் கட்டடம், நிட்டிங் ஷெட், பிரிண்டிங் யூனிட், குடோன், எல்லாவற்றின் சொத்து வரியிலும் அது உண்டு. இத்தனை கட்டடம் எழும்பிய ஊரில் எவ்வளவு புத்தகம் வாங்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பதாகத் தமிழ்நாடு முழுக்க நெடுநாளாக முறையீடு இருக்கிறது. புத்தகத்துக்கென்று மக்கள் கொடுத்த காசு அது, வேறு கணக்கில் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. நம் ஊரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண்ணும், செக்கிங்கில் நிற்கிற பையனும், ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் தங்கியிருக்கும் தொழிலாளியும் ஒரு புத்தகத்தைத் தொட முடிகிற ஒரே நாள் அந்த ஞாயிறு. வார்டுக்கு வார்டு நூலகம் வைத்து, அன்று முழு நாளும் திறந்து, ஒடியாவிலும் இந்தியிலும்கூடப் புத்தகம் அடுக்கினால் என்ன? அதற்கான காசைத் தரும் சட்டத்தை இந்த ஊர்க்காரரே எழுபது ஆண்டுக்கு முன்பே செய்து வைத்துவிட்டார்.

அடுத்தது பாரதி. 1921-ல் பாரதி மறைந்த பின் அவர் எழுத்தின் உரிமை குடும்பக் கஷ்டத்தில் கை மாறிக்கொண்டே போயிற்று. புத்தக உரிமை தம்பி சி. விசுவநாதனிடம். இசைத்தட்டு, சினிமா உரிமை வேறு ஒருவர் கைக்குப் போய், கடைசியில் ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்றைச் சேர்த்தபோது ஏவி.எம். வழக்குத் தொடுத்தார். நாடே பாடிக்கொண்டிருந்த பாட்டுக்கு ஒருவர் உரிமை கொண்டாடுவதா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் முதலியோர் ஊர் ஊராகப் பேசினார்கள். திருநெல்வேலிக்குப் போய்ப் பாரதியின் மனைவி செல்லம்மாளைச் சந்தித்தார்கள்.

1949 மார்ச்சில் சட்டசபையில் முடிவு வந்தது. பாரதி எழுத்தின் உரிமையை அரசே ஏற்கும். மெய்யப்ப செட்டியார் பணம் எதுவும் பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய். சில ஆண்டுகளில் அந்த உரிமை பொதுமக்களுக்கே என்று ஆனது. ஒரு கவிஞரின் எழுத்தை அரசு விலை கொடுத்து வாங்கி மக்களிடம் ஒப்படைத்த செயலுக்கு அன்று உலகில் முன்மாதிரி தேடுவது கடினம். நாட்டுடைமை என்ற பெயரில் இன்று தமிழ்நாடு அரசு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை ஏற்கிறதே, அந்தப் பழக்கம் பிறந்தது இங்கே. ஓமந்தூரார் பதவி விலகியது அடுத்த மாதமே. ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

இதுவரை படித்தவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். 1948-ல் பள்ளிகளில் இந்தி வந்தது யார் காலத்தில்? அவினாசிலிங்கம் காலத்தில்தான். தெலுங்கு, மலையாள, கன்னடப் பகுதிகளில் கட்டாயம், தமிழ்ப் பகுதியில் விருப்பம் என்று முதலில் சொன்ன அரசு, பிறகு தமிழ்ப் பகுதியிலும் கட்டாயம் ஆக்கியது. 1937-ல் ராஜாஜி தொட்டுச் சுட்டுக்கொண்ட நெருப்பு, தாளமுத்துவும் நடராசனும் சிறையில் உயிர்விட்ட விவகாரம், பத்து ஆண்டுகூட ஆறாத புண். பெரியார் மீண்டும் களம் இறங்கினார். போராட்டத்தை அண்ணா முன்னின்று நடத்தினார். மறைமலையடிகள், திரு.வி.க. எல்லாம் எதிர்த்தார்கள். மறியல் செய்த தொண்டர்களை அரசு கைது செய்தது. அவினாசிலிங்கம் பதவியில் இல்லாத 1950-ல் இந்தி மறுபடி விருப்பப் பாடம் ஆனது.

தமிழைப் பயிற்று மொழி ஆக்கியவரும், குறளைப் பாடமாக்கியவரும், பாரதியை மீட்டவரும், இந்தி உத்தரவைப் போட்டவரும் ஒரே மனிதர். காந்தியின் நிர்மாணத் திட்டத்தில் ராட்டை, தீண்டாமை ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி, இந்துஸ்தானி எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. காந்தி தொண்டர் அந்தப் பட்டியலில் ஒன்றை எடுத்து ஒன்றை விட மாட்டார். அவர் மனசாட்சிப்படி இதில் முரண் இல்லை. ஆனால் மக்களின் மனம் வேறாக இருந்தது. அதை 1938 சொல்லியும் கேட்காதது தவறு. பிறர் சொல்லைத் தாய்மொழியில் கேட்கப் பழக்கிய ஒரு அமைச்சர், அந்தத் தாய்மொழியில் எழுந்த எதிர்ப்பைக் கேட்கத் தவறியதைத் திருப்பூர் வரலாறு மறைக்கக் கூடாது.

இனி கலைக்களஞ்சியம். அமைச்சரான அதே 1946-ல் அவினாசிலிங்கம் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவி அதன் தலைவரானார். பள்ளியில் தமிழில் பாடம் நடக்க வேண்டுமானால் உலக அறிவு முழுக்கத் தமிழில் ஓரிடத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் பிரிட்டானிக்கா இருப்பதுபோல் தமிழில் ஒன்று வேண்டும். 1947-ல், நாடு விடுதலை பெற்ற ஆண்டில், வேலை முடிவானது. தலைமைப் பதிப்பாசிரியராக யாரைப் போடுவது? அவர் வெளியே தேடவில்லை. தம் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரனை அழைத்தார். ஈரோடு மொடக்குறிச்சிப் பக்கத்துக்காரர், கணக்கு படித்தவர், கவிஞர், கீர்த்தனை எழுதியவர். கொங்கு மண்ணின் இரண்டு பேர் சென்னையில் உட்கார்ந்து தமிழுக்கு முதல் கலைக்களஞ்சியம் செய்தார்கள்.

முதல் தொகுதி 1954-ல் வந்தது. ஒன்பது தொகுதிகள் 1963-க்குள் முடிந்தன. பத்தாவது இணைப்புத் தொகுதி 1968-ல். ஒவ்வொன்றும் எழுநூறு பக்கத்துக்கு மேல். ஆயிரத்துக்கு மேற்பட்ட அறிஞர்கள் கட்டுரை எழுதினார்கள். செலவு 14 லட்சம் ரூபாய் அளவுக்குப் போயிற்று. இந்தப் பணத்தைத் திரட்டிய பொறுப்பு அவினாசிலிங்கத்துடையது. அரசு மானியத்துக்கு டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்தார், செல்வர்களிடம் நன்கொடை கேட்டார். பதிப்பாசிரியர் குழு எப்படி வேலை செய்தது என்பதற்கு அந்தத் தொகுதிகளைத் திறந்தாலே போதும். அணுவியலும் பயிரியலும் அயல்நாட்டு வரலாறும் தாவரங்களின் குடும்பப் பெயர்களும் தமிழ் அகரவரிசையில் வரிசையாக நிற்கும். கறுப்பு வெள்ளைப் படம், அடியில் விளக்கம், கட்டுரை முடிவில் எழுதியவரின் சுருக்கெழுத்து. ஒரு துறைக்குத் தமிழில் ஒரு வாக்கியம்கூட இல்லாதபோது அந்தத் துறையில் ஐந்து பக்கம் எழுதுவது என்ன உழைப்பு! பெரியவர்கள் பதிப்பு முடிந்த கையோடு குழந்தைகள் கலைக்களஞ்சியம், அதுவும் பத்துத் தொகுதி, 1968 முதல் 1976 வரை. 1968-ல் தூரனுக்குப் பத்மபூஷண். அவரை அழைத்து வந்த தலைவருக்கு அதே விருது இரண்டு ஆண்டு கழித்து, 1970-ல்தான். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. உழைத்தவருக்கு முதலில், உழைக்க வைத்தவருக்குப் பிறகு.

கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி அச்சானபோது அவினாசிலிங்கம் திருப்பூரின் எம்.பி. 1951 கடைசியிலும் 1952 தொடக்கத்திலும் நடந்த முதல் பொதுத் தேர்தலில் திருப்பூர் என்ற பெயரிலேயே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. காங்கிரஸ் வேட்பாளராக அவர் நின்று வென்றார். 1934-ல் வரி கட்டியவர்கள் அனுப்பிய அதே மனிதரை இப்போது நூற்கும் பெண்ணும் மில் தொழிலாளியும் பண்ணையாளும் ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள். மக்களவையில் 1957 வரை, பிறகு மாநிலங்களவையில் 1958 முதல் 1964 வரை. இந்தக் காலத்து அவைக் குறிப்புகளைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. ஆதாரக் கல்வி, கிராமிய உயர்கல்வி, காந்தியின் கல்விச் சோதனைகள் என்று அவர் நாட்டம் முழுக்கக் கல்வியில்தான் இருந்தது. மத்திய அரசில் அமைச்சர் பதவி எதுவும் அவர் வகிக்கவில்லை. அவர் மனது டெல்லியைவிடக் கோவையில் இருந்தது.

1957-ல் மக்களவைக் காலம் முடிந்த அதே ஆண்டு, கோவையில் பெண்களுக்கான மனையியல் கல்லூரி தொடங்கியது. இங்கே கதை கொஞ்ச நேரம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. வெர்மான்ட் மாநிலத்தில் ஜஸ்டின் மோரில் என்று ஒருவர் இருந்தார். கொல்லர் மகன். பதினைந்து வயதில் படிப்பை நிறுத்திக் கடையில் வேலைக்குப் போனவர். 1855-ல் பிரதிநிதிகள் சபைக்கும் 1867-ல் செனட்டுக்கும் போய், 1898-ல் சாகும் வரை உறுப்பினராக இருந்தார். தனக்குக் கிடைக்காத கல்லூரிப் படிப்பை உழவர், தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார். 1859-ல் ஜனாதிபதி புக்கானன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். மோரில் விடவில்லை. 1862 ஜூலை 2 அன்று லிங்கன் கையெழுத்திட்டார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம். அதை விற்று வரும் பணத்தில் உழவும் தொழிலும் சொல்லித்தரும் கல்லூரி. அந்த நிலத்தில் பெரும்பகுதி செவ்விந்தியப் பழங்குடியினரிடமிருந்து பறித்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். அப்படி எழுந்தவற்றில் ஒன்று ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகம். வீட்டு நிர்வாகம், ஊட்டச்சத்து, துணி ஆகியவற்றைப் பெண்களுக்கு அறிவியலாகச் சொல்லித்தருவது இத்தகைய கல்லூரிகளில்தான் வேர் பிடித்தது.

செங்கத்தில் பிறந்த ராஜம்மாள் தேவதாஸ் அந்த ஓஹியோவில் படித்து ஊட்டச்சத்து இயலில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவரை அவினாசிலிங்கம் கோவைக்கு அழைத்து வந்து கல்லூரியை அவர் கையில் கொடுத்தார். ஒரு வெர்மான்ட் செனட்டர் தனக்குக் கிடைக்காததைச் சட்டமாக்கினார். தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் அதில் படித்தார். திருப்பூர்க்காரர் ஒருவர் அந்தப் படிப்பைக் கொங்கு நாட்டுப் பெண்களுக்குக் கொண்டுவந்தார். மோரிலும் அவினாசிலிங்கமும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்தான். ஆனால் கல்விக்கு ஆண்டுதோறும் கெஞ்ச வேண்டாத நிரந்தர வருமானம் வேண்டும் என்ற எண்ணத்தில் இருவரும் ஒன்று. அவர் நிலத்தைப் பிடித்தார், இவர் வீட்டு வரியைப் பிடித்தார்.

கல்லூரி வளர்ந்து 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ராஜம்மாள் தேவதாஸ் அதன் முதல் துணைவேந்தர். அங்கே ஆடையியல் படித்த பெண்கள் இன்று திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, குவாலிட்டி இன்ஸ்பெக்டராக, சாம்பிள் ரூம் பொறுப்பாளராக வேலை பார்க்கிறார்கள். 1957-க்கு முன் இந்த ஊரில் ஒரு வீட்டுப் பெண் நூலின் கவுண்ட்டையும் துணியின் ஜி.எஸ்.எம்-மையும் படிப்பாகக் கற்று வெளிநாட்டு வாங்குநரிடம் நேருக்கு நேர் பேசுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் ஊர் நம்பியிருக்காது.

1991 நவம்பர் 21 அன்று அவினாசிலிங்கம் மறைந்தார். அப்போது அவருக்கு 88 வயது.

அவர் வென்ற தொகுதி அவருக்கு முன்பே மறைந்துவிட்டது. 1957 தேர்தலுக்கு எல்லைகளை மாற்றியபோது திருப்பூர் என்ற பெயரில் மக்களவைத் தொகுதி இல்லாமல் போயிற்று. ஊர் மற்றத் தொகுதிகளுக்குள் கலந்தது. 2009-ல்தான் அந்தப் பெயர் திரும்பி வந்தது. அ.தி.மு.க.வின் சி. சிவசாமி வென்றார், 2014-ல் அதே கட்சியின் வி. சத்தியபாமா, 2019-லும் 2024-லும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயன். திருப்பூர் தன் பெயரில் ஒரு எம்.பி. இல்லாமல் இருந்த அந்த 52 ஆண்டுகளில்தான் கதர் நகரம் பனியன் நகரம் ஆனது. 1970-களின் கடைசியில் இத்தாலிய வாங்குநர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். அவர்கள் எந்தச் சந்தில் வந்து எந்த மாதிரி பனியனைக் கேட்டார்கள் என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)